ஹீட் நம்பர்

நானூற்று அறுபதும் முந்நூற்று ஐம்பத்தைந்தும்
பார்க்க ஒன்றுதான்.
ஒரே சாம்பல் பூச்சு, ஒரே துளை வரிசை,
தட்டினால் ஒரே ஓசை.
ஒன்றைத் தூக்க கிரேன் எவ்வளவு முக்குமோ
மற்றதற்கும் அவ்வளவே.
எஃகின் வலிமை எஃகில் தெரிவதில்லை.
காகிதத்தில் தெரியும்.

குவைத், ஷர்க்,
கடற்கரைச் சாலைக்கு உள்ளே இரண்டாவது தெரு.
நாற்பத்து நான்கு மாடி எழ வேண்டும்,
இப்போது இருபத்தொன்பது.
ஒரு வங்கி இருபது முதல் முப்பத்திரண்டு வரை
இன்னும் இல்லாத தளங்களையும் சேர்த்து
வாடகை பேசி முடித்துவிட்டது.
அவர்களுக்குத் தூண் மெலிந்திருக்க வேண்டும்,
மேசைக்கும் மேசைக்கும் நடுவே
எதுவும் நின்று முறைக்கக் கூடாது.
அதற்காக வந்தது இந்த உயர்ந்த ரகம்:
சாதா எஃகு தொண்ணூறு மில்லிமீட்டர் தடித்து நிற்கும் இடத்தில்
இது எழுபதில் முடித்துக்கொள்ளும்.
மிச்சம் பிடித்த இருபதில்
ஒரு நாற்காலியின் கால்கூட நிற்காது.
ஆனாலும் தூணுக்கு இருபது, தளத்துக்கு இவ்வளவு என்று
எங்கோ ஒருவர் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார்.

என் வேலை காகிதம்.
ஆலையில் ஊற்றிய ஒவ்வொரு கொப்பரைக்கும் ஓர் எண்,
ஹீட் நம்பர் என்பார்கள்.
இந்த ஊரில் அதைக் கேட்டால்
புதிதாக வந்தவன் வானத்தைப் பார்த்துவிட்டு
ஐம்பத்தொன்று என்பான்.

ஜூலை ஒன்பது, விடிகாலை மூன்று நாற்பது.
பகல் பதினொன்றுக்கு மேல் வெயிலில் வேலை தடை,
எங்கள் காலை இரவிலேயே தொடங்கிவிடும்.
இருபத்தேழாம் தளம், சி-ஆறு தூண்.
சான்றிதழில் 70318.
என் குறிப்பேட்டில் 70316.
எட்டு என்றால் நானூற்று அறுபது.
ஆறு என்றால்
பார்க்கிங் தளத்துக்கு வந்த தகடு.
மேலே ஏற்கனவே இரண்டு மாடி.

டார்க் ரெஞ்சைத் தோளில் சாய்த்தபடி பிரகலாத் தாமாங்
தூணை ஓங்கித் தட்டினான்:
"பக்கா, மேடம்."
தட்டினால் எல்லாமே பக்காதான், பிரகலாத்.

பெய்ரூட்டில் ரிஃபாத் நக்காஷ் தூக்கக் குரலில் எடுத்தார்.
"இன்றைக்கு விழாது. சுமை இன்னும் வரவில்லையே,
வங்கி வரட்டும்.
காற்றுக்கும் இரண்டும் ஒரே அளவுதான் வளையும்."
வலுத்தது குறைவாக வளையாதா?
"யார் சொன்னது?
எவ்வளவு வளைந்த பிறகும்
திரும்பி வர முடியும் என்பதில்தான் வித்தியாசம்."
பிறகு ஒரு கொட்டாவி.
"எண்ணைப் பாருங்கள்."

எண் இருந்தது உள்பக்கம்,
இணைப்புத் தகட்டின் பின்னால், இரண்டு பூச்சுக்குக் கீழே.
என் கை மணிக்கட்டோடு நின்றது.
பிரகலாத் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு
கம்பி பிரஷ்ஷோடு முழங்கை வரை நுழைந்தான்.
சுரண்டும் சத்தம். துத்தநாகத் தூள்.
கண்ணுக்கு எட்டாத இடம்; ஆகவே
பரோட்டா சுற்றி வந்த தாளை உள்ளே ஒட்டி
தச்சர் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தான்.

தாள் வெளியே வந்தபோது
கடல் பக்கம் வெளுத்திருந்தது.
எண்ணெய்க் கறைக்கு நடுவே வெள்ளையாக
ஏழு, பூஜ்யம், மூன்று, ஒன்று,
அதன்பின்
மேலே திறந்து கிடந்த ஒரு வளைவு.

ஆறு.

குறிப்பேட்டில் ஆறு என்று எழுதிய கை சரி.
அதற்குக் கீழே "சரி" என்று கையெழுத்திட்ட கை தவறு.
இரண்டும் என் வலது கை.
அதே கையால் வேலையை நிறுத்தும் படிவத்தை நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்.

பதினேழு நாள்.
பக்கத்துக்கு இருபது மில்லிமீட்டர் தகடு,
சூடேற்றி, பற்றவைத்து, ஆறவிட்டு.
தீக்காப்பும் ஜிப்சம் பலகையும் மூடிய பிறகும்
சி-ஆறு மட்டும் கொஞ்சம் பருத்து நிற்கிறது.
அந்தக் கட்டடத்திலேயே
பார்த்தால் வலிமை தெரிகிற ஒரே தூண்.

வங்கி வந்துவிட்டதாம்.
பக்கத்து மேசைக்காரர்
அதில் கொக்கி ஒட்டிக்
கோட்டை மாட்டியிருக்கிறார்.